அருவியிலும் அதே படபடப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஆடி மாதம். தென்காசியிலிருந்து தினமும் பஸ்ஸில் செங்கோட்டை போய், ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான், அப்போது பஸ் ஏறவே பயந்து வீட்டோடு கிடந்தேன்.

காரணம் இதுதான். ஒருநாள் பஸ் நெரிசலில் திடீரென நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு முட்டியது, கை கால் நடுங்கியது. செத்தோம் என்று பாதி வழியிலேயே இறங்கிவிட்டேன். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்துக்கு ஒன்றுமே இல்லை என்றார். ஆனாலும் பஸ் ஏறினால் படபடப்பு, உடனே இறங்கிவிடுவது, இதுவே வழக்கமாகிவிட்டது. பள்ளியிலும் பொறுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆசைப்பட்டுப் படித்து வாங்கிய வேலை. அழுகை அழுகையாக வந்தது.

டாக்டர் அனுப்பி வைத்த மனநல ஆலோசகர், "படபடப்பு வந்ததும் மனசுக்குள்ள என்ன சொல்லுதிய?" என்று கேட்டார்.

"செத்துருவேன்னுதான், வேற என்ன?"

"ஒவ்வொரு தடவையும் இறங்கிருதிய. இறங்காம இருந்தா என்ன ஆவும்னு நீங்க இன்னும் பாக்கவே இல்லையே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. படுகிறவளுக்குத்தானே தெரியும்! படபடப்பு உடம்பில் வருவது, அது ஆபத்து என்பது நாமாகச் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் என்று அவர் பொறுமையாக விளக்கியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மதினி, "ஏட்டி, நாடியப் புடிச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காத, கெளம்பு" என்று ஆட்டோவில் ஏற்றி மெயின் அருவிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெண்கள் பக்கம் வரிசையில் நகர்ந்து தலையைக் கொடுத்ததுதான் தாமதம், மூச்சு அடைத்துத் திரும்பி வந்தது. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. முழங்கால் வெடவெடத்தது. பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற, முன்பின் தெரியாத ஓர் அக்கா, பல் தந்தியடிக்க என்னைப் பார்த்துக் கத்தினார்.

"யம்மா, நெஞ்சு என்னா அடி அடிக்கு! மூச்சே முட்டுதுலா! இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் வருவதும் இதே அடி, இதே மூச்சுமுட்டல், இதே நடுக்கம்தானே? அங்கே நான் செத்தேன் என்கிறேன். இங்கே இதற்காகவே வண்டி பிடித்து வந்து சிரிக்கிறார்கள்! நானும் சிரித்தேன். கூடவே அழுதேன். அருவிக்கடியில் அது யாருக்குத் தெரியப் போகிறது?

மறுநாள் பஸ் ஏறினேன். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. கொஞ்ச தூரத்திலேயே படபடப்பு வந்துவிட்டது. கண் படிக்கட்டையே தேடியது. அடித்தால் அடித்துவிட்டுப் போ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். படபடப்பு ஏறிக்கொண்டே போனது, ஒரு கட்டத்தில் தானாகவே தணிந்தது. செங்கோட்டை வந்தபோது எனக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. புடவை கசங்கியிருந்தது, அவ்வளவுதான். முதல் பீரியடுக்கே வகுப்பில் இருந்தேன்.

இப்போதும் சில நாள் படபடப்பு வருகிறது, வரட்டும். மனதில் ஓடுவதெல்லாம் நடந்துவிடாது என்பதை, இறங்காமல் நின்று பார்த்த அந்த ஒரு பயணம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.