எண்ணெய் தேய்த்த அலுமாரி

புது அலுமாரியின் கதவில் என் விரல் அடையாளம் பளபளவென்று தெரிகிறது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொட்டுவிட்டேன். மினுக்கமில்லாத மங்கல் பூச்சு இது. ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றினால் போதும். எண்ணெய் ஆகவே ஆகாது. இதை எனக்குச் சொன்னது உம்மா.

தொண்ணூறுகளில் உம்மா சவூதியில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். அவர் அனுப்பிய காசில் எங்கள் சாய்ந்தமருது வீட்டுக்கும் இப்படியொரு மங்கல் அலுமாரி வந்தது. இரண்டு வருடம் கழித்து உம்மா திரும்பி வருகிற அன்று, அது மினுங்கவில்லையே என்று வாப்பாவும் நானும் தேங்காய் எண்ணெய் தேய்த்தோம். கடற்காற்று கொண்டுவந்த நுண்மணல் எல்லாம் அந்தப் பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டது.

உம்மா வந்தார். அபாயாவைக்கூடக் கழற்றவில்லை. அலுமாரியை விரலால் தடவிப் பார்த்தவர், ஒரு துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

"இதுக்கு எண்ணெய் பூசக்கூடா மகள். இப்படிக் கிடந்தா அங்க ஏசுவாங்க."

எங்கள் ஊரில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். கலியாணம் முடித்து உம்மாவின் வீட்டுக்குக் குடிவந்தவர் வாப்பா. அவர் உம்மாவின் கையிலிருந்து துணியை வாங்கினார்.

"இது உன்ட ஊடு புள்ள. இரி."

உம்மா கதிரையில் அமர்ந்தார். மடியில் கிடந்த கை மட்டும் அபாயாவைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

இது என் வீடு. விரல் அடையாளத்தை நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம்.