மும்தாஜ் அழிக்க மறுத்த பதிவு

செவ்வாய்க்கிழமை காலை திருக்கோவிலூர் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது செல்வி அழைத்தாள். "அண்ணா, மும்தாஜக்கா பூட்டாங்க" என்றாள். எங்கே என்று கேட்டேன். அவள் அழுதபோதுதான் புரிந்தது. முந்தின நாள் மாலைவரை எங்களோடு வேலை செய்தவர். நாற்பத்தாறு வயது. காலைத் தொழுகை முடித்து எழுந்ததும் நெஞ்சுவலி வந்திருக்கிறது; கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

சங்கராபுரத்தில் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன், எங்கள் மூவருக்கும் ஒருகாலத்தில் முதலாளியாக இருந்தவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லவங்கதான். பிடிவாதம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். துக்க வீடு என்பதால் வாயைத் திறக்கவில்லை. இந்த நினைவுக் கூட்டத்தில், மும்தாஜை அறிந்த உங்கள் முன்னால் இப்போது பதில் சொல்கிறேன்.

அந்த முதலாளியின் நிறுவனம் கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கல்வராயன் மலையில் சிறு மருத்துவமனைகளை நடத்திய ஓர் அறக்கட்டளைக்கு, எங்கே எந்த மருந்து இருக்கிறது என்று காட்டும் செயலியைச் செய்து கொடுத்திருந்தோம். அது ஓடிய கிளவுட் சர்வர்களை மும்தாஜ் கவனித்தார். அவர் வருவதற்கு முன் ஆளாளுக்குச் சர்வருக்குள் நுழைந்து தோன்றியதை மாற்றிவிட்டு வருவோம். அதை அவர் முதல் மாதமே நிறுத்தினார். சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதை முழுக்கக் கோப்புகளாக எழுதி, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் 'கிட்' (Git) மென்பொருளில் வைத்தார். மாற்றம் வேண்டுமென்றால் கோப்பை மாற்றிக் காரணத்தையும் எழுத வேண்டும். இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு பைப்லைன் என்ற தானியங்கி நிரல் அதைச் சோதித்துச் சர்வரில் ஏற்றும். கோப்பில் எழுதியிருப்பதும் சர்வரில் இருப்பதும் ஒன்றுதானா என்று தினமும் காலையில் அவருக்கு ஓர் அறிக்கையும் வரும்.

ஒரு வரி மாற்ற இவ்வளவு வேலையா என்று நான் சலித்துக்கொண்டேன். "நிக்காஹ்வுக்கே ரெண்டு சாட்சி கேக்கறாங்க. சர்வருக்கு ஒண்ணு போதும்னு வுட்டிருக்கேன், சந்தோஷப்படுங்க குமரேசன்" என்றார்.

ஒரு சனிக்கிழமை மதியம், மும்தாஜ் விடுப்பில் இருந்தபோது, செயலி மெதுவாக ஓடுகிறது என்று அறக்கட்டளையிலிருந்து சத்தம் வந்தது. முதலாளி என்னிடம் வந்தார். "பைப்லைன் அது இதுன்னு சொல்லிக்கினு உக்காராத. உள்ள பூந்து இன்னான்னு பாரு" என்றார். அவசரத்துக்கென்று என்னிடம் இருந்த கடவுச்சொல்லைப் போட்டு நேராக நுழைந்தேன். மருந்துக் கையிருப்புக் கணக்கை மணிக்கொரு முறை புதுப்பிக்கும் வேலையை நிறுத்தினேன். செயலி வேகமானது. அந்த வேலையைத் திரும்ப ஓடவிட மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மாலை மலையில், மரவள்ளிக் காட்டில் ஒருவரைப் பாம்பு கடித்தது. விஷமுறிவு மருந்து இருப்பதாகச் செயலி காட்டிய மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே கடைசிக் குப்பி அன்று காலையிலேயே தீர்ந்திருந்தது. மலையிறங்கி வர நேரமாகிவிட்டது. உயிர் பிழைத்தார், வலது கையில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை முதலாளி மும்தாஜையும் என்னையும் அறைக்குள் கூப்பிட்டார். அந்த வாரம் முறைப்படி கடைசியாக மாற்றம் செய்தவள் செல்வி. மலையிலிருந்து வந்தவள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அந்தக் காலை ரிப்போர்ட்ட அழிச்சிடுங்க. செல்வி பேர்ல பழைய தேதியில ஒரு மாத்தத்தப் போட்டுடுங்க. உங்களால முடியாதா இன்னா?" என்று மும்தாஜிடம் கேட்டார் முதலாளி.

"முடியும். மாட்டேன்" என்றார் மும்தாஜ். "ஞாயித்துக்கெழம காலையிலயே ரிப்போர்ட் எனக்கு வந்திருக்குது. நான் பாக்கல. என் பேரயும் சேத்துத்தான் எழுதப் போறேன்."

"வேல பூடும், தெரியும்ல?"

"பூட்டும்."

நான் பேசாமல் நின்றேன். என் அப்பா ரிஷிவந்தியத்தில் கரும்பு வெட்டுகிறவர். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இது காரணம்தான், நியாயமல்ல. வெளியே வந்ததும் மும்தாஜ் என்னைப் பார்த்தார். "நான் எழுதறதுக்கு முன்ன நீங்களே எழுதிட்டா நல்லா இருக்கும்."

உட்கார்ந்து எழுதினேன். படித்துப் பார்த்த மும்தாஜ் ஒரு சொல்லில் விரலை வைத்தார். "'நிறுத்தப்பட்டது'ன்னு போட்டிருக்கீங்க. யாரு நிறுத்தனா?" அதை 'நிறுத்தினேன்' என்று மாற்றிய பிறகுதான் ஒப்புதல் தந்தார். அந்த அறிக்கை அன்றே அறக்கட்டளைக்குப் போனது. முதலாளி என்னை உள்ளே நுழையச் சொன்னதும் காலை ரிப்போர்ட்டை அழிக்கச் சொன்னதும்கூட அதில் இருந்தன.

இரண்டு வாரம் கழித்து, விரல் இழந்தவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், மலைக்குப் போய் அவரைப் பார்த்தோம். அவர் மனைவி எங்களை உட்காரச் சொல்லவில்லை. நடந்ததை நானே சொன்னேன். விரல் இழந்தவர் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இப்ப சரியா காட்டுதா?"

"காட்டுதுங்க. யாரும் நேரா உள்ள பூந்து மாத்த முடியாதபடி அந்த வழிய அடச்சிட்டேன்" என்றார் மும்தாஜ். அந்த மனிதர் தலையசைத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த வாரமே மூவருக்கும் வேலை போனது. மும்தாஜ் தன் தம்பியின் பாத்திரக்கடை மாடியில் மூன்று மேசை போட்டார். சில மாதங்களில் அறக்கட்டளை எங்களைத் தேடி வந்தது. மலையில் இருந்த மருத்துவர் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, தப்பை மறைக்காதவர்களிடமே வேலையைக் கொடுங்கள் என்று பிடிவாதமாக நின்றாராம்.

ஆக, முதலாளி அவர்களே, ஆமாம். அவருக்குப் பிடிவாதம் ஜாஸ்திதான். அது கம்மியாக இருந்திருந்தால் செல்வி பழியோடு மலையேறியிருப்பாள். நான் பொய்யனாகவே வாழ்ந்திருப்பேன்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அறக்கட்டளையின் புது மேலாளர் அழைத்தார். அவசரமாம், இந்த ஒரு தடவை மட்டும் ஒரு மாற்றத்தைச் சோதனை இல்லாமல் சர்வரில் ஏற்றிவிடச் சொன்னார். முடியாது என்றேன்.

"மேடம்தான் இல்லியே சார். இனிமே யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேங்க" என்றேன்.

மும்தாஜிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் குரல். முன்பு என்னிடம் இது இருந்ததில்லை.