மூன்றாவது தகடு

எதையும் இரண்டு முறை அளப்பார். முதல் அளவை எழுதியதும் இடது உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டுதான் இரண்டாவதை எடுப்பார். நான் ஆய்வு மாணவியாக இருந்த ஆறு ஆண்டுகளும் பார்த்த பழக்கம் இது. ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மைக்ரான் அக்கா என்று பெயர்; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். படிப்பு பள்ளியோடு சரி. அளவுக் கருவியோடு முப்பது ஆண்டுகள்.

சார்ம் மெசான் என்ற துகளின் ஆயுளைக் கணிப்பது எங்கள் வேலை. ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டாக்கினால், ஒரு துண்டில் பாதிகூட அது வாழ்வதில்லை. அதற்குள் அது ஓடிய தூரத்தைச் சிலிக்கான் தகடுகள் சொல்லும். அந்தத் தகடுகளின் இடைவெளி அக்கா அளந்து தந்தது. விடையைப் பார்த்து நாங்கள் மயங்கிவிடக் கூடாது என்று கணினி ஒரு ரகசிய எண்ணைச் சேர்த்து மறைத்து வைத்திருக்கும். சரிபார்ப்பெல்லாம் முடிந்த பிறகே அதை நீக்கி விடையைத் திறப்போம். பழைய அளவுகள் எல்லாவற்றையும்விட எங்களுடையது துல்லியமாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். என் ஆய்வேடே அதை வைத்துத்தான்.

நீக்குவதற்கு முந்தைய நாள் அக்கா வந்தார்.

"நாளைக்குத் திறக்கறீங்களாமே? மூணாவது தகட்டுல நான் கைய எடுத்துப் பார்த்துட்டேம்மா."

தகடுகளைப் பொருத்திய கருவியை மூட எல்லோரும் காத்து நின்ற நாளாம். இரண்டாவது அளவு முதலோடு ஒட்டவில்லை. முதல் எண்ணைப் பார்த்துவிட்டு, அதே எண் வரும்வரை அளந்து, வந்ததும் நிறுத்தியிருக்கிறார்.

"மூணு வருஷம் கழிச்சு இன்னைக்கா ஞாபகம் வந்துச்சு?" என்றார் எங்கள் குழுத் தலைவர்.

"ஞாபகம் தினமும்தான் இருந்துச்சு சார். தைரியம்தான் இன்னைக்கு வந்துச்சு."

"மைக்ரான்னு பேரு வேற."

"அது நீங்க வச்ச பேரு."

இரண்டு நாள் கழித்து வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் உறுத்துகிறது. விடை தெரிந்த பிறகு வந்திருந்தால், பழைய அளவுகளோடு அது ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்திருப்பேன். ஒத்துப்போயிருந்தால் "பரவாயில்லைக்கா" என்று அனுப்பியிருப்பேன். அவர் செய்ததும் அதைத்தானே?

அந்தத் தகட்டின் இரண்டாவது அளவை அட்டவணையிலிருந்து நீக்கி, பிழை வரம்பை அகலமாக்கிவிட்டுத் திறந்தோம். விடை பழையவற்றோடு ஒத்துப்போனது. அவற்றைவிடத் துல்லியமாக இல்லை. பட்டம் கிடைத்தது. நான் விரும்பிய அந்த ஒரு வரியை ஆய்வேட்டில் எழுத முடியவில்லை.

"அடுத்த தடவ கருவியத் திறக்கறப்ப வந்து அளந்து தர்றேன். அது என் கடன்" என்றார் அக்கா. திறக்கும் தேதி தள்ளிக்கொண்டே போனது. நடுவில் அவர் ஓய்வுபெற்று மகள் ஊருக்குப் போய்விட்டார். அட்டவணையில் மூன்றாவது தகட்டுக்கு நேராக, இரண்டாவது அளவுக்கான கட்டம் காலியாகவே இருக்கிறது.