ஒரே சேவலை மூன்று முறை வாங்கிய கதை

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுபதுகளில் தூத்துக்குடி உப்பளத்து லாரிகளில் பாதி என்னுடையவை. பேரத்தில் என்னை மடக்கியவர் ஒரே ஒருவர்தான்.

கடலோர ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியை அவர். குள்ளமான உருவம். கொண்டையில் எப்போதும் ஒரு சாக்பீஸைச் செருகியிருப்பார். பிள்ளைகள் வானொலிப் பாடம் கேட்க வகுப்புக்கு ஒரு ரேடியோ வேண்டுமென்று பள்ளி விழாவில் ஏலம் விட்டார். தேங்காய், பூசணியெல்லாம் போயும் பணம் போதவில்லை. கடைசியாக வந்த சிவப்புச் சேவலை, மீன்வலைக் கடைக்காரரோடு போட்டி போட்டு நான் கேட்டு வாங்கினேன்.

"அண்ணாச்சி, சேவலைப் பள்ளிக்கூடத்துக்கே திருப்பிக் குடுங்க. மறுபடி ஏலம் விடணும்."

"நான் வாங்குன சேவலை நானே திரும்ப வாங்கணுமா டீச்சர்?"

"முடியலன்னா விடுங்க. வலைக்கடை அண்ணாச்சி வாங்கிட்டுப் போறாக."

எனக்கா முடியாது? மூன்று முறை வாங்கி, மூன்று முறையும் திருப்பிக் கொடுத்தேன். ரேடியோ வந்துவிட்டது.

முதல் பாடத்தன்று வகுப்பு வாசலில் நின்று, "இது யாரு வாங்கிக் குடுத்த ரேடியோ தெரியுமாலே?" என்று ஆரம்பித்தேன். அவர் கொண்டையிலிருந்து சாக்பீஸை உருவி, உதட்டின்மேல் வைத்துக் காட்டினார். என் வாயை அடைத்தவர் ஊரில் வேறு யாருமில்லை. சின்னப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, பாடம் முடியும்வரை கேட்டேன்.

கிளம்பும்போது பின்பக்கம் சேவல் கூவியது.

"இன்னும் குழம்பு வைக்கலையா டீச்சர்?"

"எப்படி வைக்க? அடுத்த வருஷம் டேப் ரெக்கார்டர் வாங்கணும்லா."

என் குணத்தை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் அடுத்த வருஷமும் வலைக்கடைக்காரருக்கு நான் விட்டுக்கொடுக்கவில்லை. அது என் சேவல்.