பிரசவ அறையில் கண்ணடித்த விளக்கு

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரி டவுனில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பாரப்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்குச் சோலார் தகடுகள் வந்திறங்கின. பெங்களூர் கம்பெனிக்காரர்கள் சாமான்களோடு ஒரு வயரிங் படத்தையும் அனுப்பிவிட்டு, மாட்டும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

படத்தில் எல்லாம் சுலபம். கரண்ட் இருக்கும்வரை பிரசவ அறை விளக்கு லைனில் எரியும். போய்விட்டால் ரிலே என்கிற சின்னப் பெட்டி தானாகவே பேட்டரிக்கு மாற்றிவிடும். பேட்டரிக்கு வெயிலும் சார்ஜ் ஏற்றும், லைனும் ஏற்றும். ஓட்டுக்கூரை மேல் வெந்து வெந்து மாட்டி முடித்தேன்.

ஆனால் அந்த ஊரில் கரண்ட் ஒழுங்காக வரவும் செய்யாது, ஒழுங்காகப் போகவும் செய்யாது. சுற்றிலும் கிணற்று மோட்டார்களைப் போட்டதும் வோல்டேஜ் பாதாளத்துக்கு இறங்கும். யாராவது ஒருவர் நிறுத்தினால் கொஞ்சம் ஏறும். இருக்கிறதா, போய்விட்டதா என்று புரியாமல் ரிலே டக்டக்கென்று இரண்டு பக்கமும் துள்ளியது. விளக்கும் கூடவே அணைந்து அணைந்து எரிந்தது. எந்த வோல்டேஜில் மாறவேண்டும் என்று ரிலேயில் வைக்கிற ஸ்க்ரூவைத் திருகித் திருகி என் விரல்தான் காய்த்தது.

ஒரு சாயங்காலம் நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் உள்ளே பிரசவம். குழந்தை அழும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் பெரிய சிஸ்டரின் குரல்:

“தம்பி, இருட்டுன்னா டார்ச் அடிச்சுப் பாத்துக்குவேன். இப்படிக் கண்ணடிச்சுக்கிட்டே இருந்தா எப்படிங்க தையல் போடறது?”

எனக்குக் கூசிப்போயிற்று. ரிலேயைப் பிடுங்கிவிட்டு விளக்கை பேட்டரி பக்கமே கட்டினேன். விளக்கு நின்று எரிந்தது. ஆனால் எந்நேரமும் பேட்டரியிலேயே எரிந்தால் சார்ஜ் தாங்காது.

மறுநாள் போஸ்ட் ஆபீஸில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தேன். பெங்களூர் இன்ஜினியர் லைனில் வந்தார். “வோல்டேஜ் இருநூறுக்குக் கீழே இறங்கக் கூடாதுப்பா.”

“சார், இங்க அது இருநூறுல நிக்கறதே இல்லைங்க.”

“அப்போ மின்சார ஆபீஸில் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார்.

மின்சார ஆபீஸில் சொன்னேன். மழை வந்தால் மோட்டார் ஓடாது, சரியாகிவிடும் என்றார்கள்.

கடைசியில் ரிலே இருந்த இடத்தில் கைப்பிடி வைத்த பழைய மாடல் சுவிட்ச் ஒன்றை மாட்டினேன். மேலே தள்ளினால் லைன், கீழே இழுத்தால் பேட்டரி. சிஸ்டர் நாலு தடவை இழுத்துப் பார்த்தார்.

“இது போதும் தம்பி. நம்ம பேச்சைக் கேக்குது.”

அவருக்குத் திருப்தி. எனக்குத்தான் ஆறவில்லை. அத்தனை பாடும் ஒரு கைப்பிடியில் வந்து நின்றதே என்றிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டார்: “ஆஸ்பத்திரியில சோலார் போட்டது நீங்கதானுங்களே? தானாவே எரியுமாமே?”

“எரியுங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.