சீதனக் காரும் சின்ன ஜெட்டும்

அந்தக் கார் என்ர மனிசிக்கு வந்த சீதனம். இதை முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டா இத்தினை வருசமா ஊர் முழுக்க "என்ர கார்" எண்டுதான் நான் சொல்லித் திரிஞ்சனான். மாமா கந்தளாயில வயல் செய்தவர். மகளுக்கு வீடும் நகையும் குடுத்த கையோட, தான் ஓடின பழைய ஜப்பான் காரையும் கொண்டுவந்து வாசலில விட்டார். லிங்கநகரில எங்கட வீட்டு மாமரத்துக்குக் கீழ நிண்டு, உப்புக்காத்துப் பட்டு, அடித்தகடெல்லாம் கறள் பிடிச்ச கார்.

போன வருசம் எனக்கொரு விசர் பிடிச்சது. மலையகத்தில மலையேற்றக் கார் போட்டி நடக்கிறது. தேயிலைத் தோட்டத்து ரோட்டில ஒவ்வொரு காராகக் கீழயிருந்து மேல ஏறவேணும், நேரம் பிடிப்பினம். ஒரு காருக்கு ரெண்டு ஓட்டம், அதில நல்ல நேரம்தான் கணக்கு, அவ்வளவுதான். பழைய கார்களுக்கெண்டு ஒரு தனிப் பிரிவும் இருக்கு. நான் துறைமுகக் கந்தோரில எழுதுவினைஞன். ஒருக்காவெண்டாலும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, ஆக்கள் பாக்க, ஒரு ஸ்ரியறிங்கைப் பிடிக்கவேணும் எண்டு ஆசைப்பட்டன். அது பிழையே?

கையில காசு காணாது. அதால புதுசா ஒண்டும் பூட்டேல்ல, இருந்ததைத்தான் கழட்டினம். பின் சீற்றைக் கழட்டினம், ரேடியோவைக் கழட்டினம். பொனற்றைத் தாங்கிப் பிடிக்கிற கம்பியையும் பாரமெண்டு சொல்லி நான் கழட்டி எறிஞ்சன்.

"அந்தக் கம்பி என்ன பாரம் வரப்போகுது? நீங்கள் ஒருநேரப் புட்டைக் குறைச்சாக் காணுமே" எண்டு மனிசி சிரிச்சா.

அதுக்குப் பிறகு பொனற்றைத் திறந்தா ஒராள் வேலை செய்ய, மற்றாள் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். பெரும்பாலும் அவதான் பிடிச்சா.

குறிஞ்சாக்கேணியில எங்களுக்குத் தெரிஞ்ச முஸ்லிம் மெக்கானிக் ஒருத்தர் இருக்கிறார், நானா எண்டுதான் கூப்பிடுவம். அடித்தகட்டில இருந்த ஓட்டைகளுக்கு அவர் தார்ப்பீப்பாய்த் தகட்டை வெட்டி ஒட்டித் தந்தார். கார்பரேட்டரைக் காதால கேட்டே சரிப்படுத்தினார். கடைசி நாள் ஒரு நெருப்புப்பெட்டியை என்ர கையில வைச்சார். உள்ளுக்க ஒரு சின்னப் பித்தளை ஜெட், கார்பரேட்டரில பெற்றோல் இறங்குற துளை வைச்ச திருகாணி, நகத்தளவுதான்.

"இப்ப இருக்கிறது கடலோரத்துக்குச் சரி தம்பி. மலையில காத்து மெலிவு. இந்தச் சின்ன ஜெட்டைப் போட்டாத்தான் பெற்றோல் அளவா இறங்கும். இல்லாட்டி கார் இருமிக் கறுப்புப் புகை கக்கும். மறந்துடாதீங்க."

அண்டைக்கு மனிசி என்னோட வரேல்ல. நெருப்புப்பெட்டியைச் சட்டைப்பையில போட்டன்.

அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்குக் கந்தளாய்ப் பக்கம் ஓடிப் பழகப் போனனாங்கள். எங்கட பக்கத்தில மலைக்கு எங்க போறது? லீவு நாளில பூட்டிக் கிடக்கிற ஒரு கல்குவாரிக்கு ஏறுற ரோட்டுத்தான் அம்பிட்டது. இரண்டு வளைவு, நல்ல ஏத்தம். நான் ஓடினன், மனிசி போனில நேரம் பிடிச்சா. பிறகு "நானும் ஒருக்கா ஓடிப்பாக்கட்டே?" எண்டு கேட்டா. ஓடினா. என்னைவிட நாலு செக்கன் குறைவு.

"தொடங்கேக்க நான் போனைப் பிந்தி அமத்திப்போட்டன்" எண்டன். இன்னொருக்கா ஓடினா. ஐஞ்சு செக்கன் குறைவு.

"இஞ்சேருங்கோ, வளைவில ஏன் பிரேக்கைப் போட்டு மிதிக்கிறியள்? முதலே ரெண்டாம் கியரில விட்டா அது தானா இழுக்குமே. அப்பா அப்பிடித்தான் நெல்லு மூட்டையோட குளக்கட்டு ஏறுவார். எனக்கும் அப்பிடித்தான் பழக்கினவர்."

அந்தக் கார் எனக்கு மூண்டு தரம் திருகினாத்தான் ஸ்ராட் வரும். அவ கை வைச்சா ஒரே திருகல். காருக்குக்கூட ஆரின்ர சீதனமெண்டு தெரியுது எண்டு நினைச்சன். பொறாமைதான், வேற பேர் சொல்லி மறைக்க ஒண்டுமில்லை.

போட்டி விண்ணப்பத்தில ஓட்டுநருக்கு ஒரு கட்டம், மாற்று ஓட்டுநருக்கு ஒரு கட்டம். "நீங்களே ஓடுங்கோ, உங்கட ஆசையெல்லே" எண்டா. அந்தப் பெருந்தன்மைதான் என்னைச் சுட்டது. "இல்லை, நீர்தான் ஓடவேணும்" எண்டன். இன்னொருக்கா மறுப்பா எண்டு நம்பித்தான் சொன்னனான். அவவின்ர முகம் விளக்கு மாதிரிப் பத்திச்சுது. "ஓம், சரி" எண்டா. போச்சா! மாற்று ஓட்டுநர் கட்டத்தில என்ர பேரை எழுதினன்.

போட்டி நாள், மலையில விடியக் குளிர். ஸ்ராட் பண்ணின உடனயே கார் இருமத் தொடங்கிச்சுது. பின்னால கறுப்புப் புகை. "என்னப்பா இது?" எண்டு பதறிப்போனா. நெருப்புப்பெட்டி என்ர சட்டைப்பையில. மாத்துறதுக்குப் பத்து நிமிசம் காணும். வாய் திறந்தன், வந்தது வேற கதை.

"குளிருக்கு அப்பிடித்தான். ஓட ஓடச் சரிவரும்."

சரிவரேல்ல. வளைவுக்கு வளைவு கார் விக்கி விக்கி ஏறின சத்தம் கீழ நிண்ட எனக்குக் கேட்டது. பக்கத்தில ஆரோ சிரிச்சாங்கள். எங்கட பிரிவில அவதான் கடைசி. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழட்டினா, கண் கலங்கியிருந்தது.

"அப்பாட காரை மானங்கெடுத்திப்போட்டன். எனக்கு ஏலாதப்பா. ரெண்டாவது ஓட்டம் நீங்கள் ஓடுங்கோ."

தேத்தண்ணி வாங்கி வாரும் எண்டு அவவை அனுப்பினன். பொனற்றைப் பிடிக்க ஆளில்லை. தலையால முட்டுக்குடுத்துக்கொண்டு, கள்ளன் மாதிரி, ஜெட்டை மாத்தினன். பழையதை நெருப்புப்பெட்டியில போட்டுச் சட்டைப்பையில வைச்சன். கார் அருமையா ஏறிச்சுது. நடுவில ஒரு இடம் கிடைச்சுது. கீழ வந்து பாத்தன், மனிசி ரெண்டு கையாலயும் தட்டிக்கொண்டு நிண்டா. "நான் ஓடத் தெரியாம ஓடியிருக்கிறன்" எண்டா. அதைக் கேட்டுக்கொண்டு நிண்டனே, எனக்கு வெக்கமில்லை.

திரும்பி வரேக்க மலை இறங்க இறங்கக் கார் சூடேறிச்சுது. சமதரையில சின்ன ஜெட்டோட பெற்றோல் காணாது. பழைய ஜெட்டை மாத்தவேணும். மாத்தினா அவ பாத்திடுவா. சூடு காட்டுற முள்ளு மேல மேல போக நானும் ஓடிக்கொண்டே வந்தன். கந்தளாயில ஏலாமப் போச்சு, குளத்தடியில நிப்பாட்டினன்.

அந்த நேரம் பாத்து அவவின்ர போன் அடிச்சுது. குறிஞ்சாக்கேணி நானா. ஆசையோட விசாரிக்கிறார், சத்தம் எனக்கே கேக்குது.

"தங்கச்சி, சின்ன ஜெட் சரியா வேல செஞ்சிச்சா? தம்பிட்ட நெருப்புப்பெட்டியில குடுத்துவிட்டேனே!"

மனிசி என்னைப் பாக்கேல்ல, குளத்தைப் பாத்தா.

"ஓம் நானா, நல்லா வேலை செய்தது. அவர்தான் மாத்தினவர். நான் ஓடி முடிஞ்ச பிறகு."

போனை வைச்சிட்டுக் கையை நீட்டினா. நெருப்புப்பெட்டியைக் குடுத்தன். பிறகும் கை நீட்டினபடியே இருந்தது. கார்த் திறப்பையும் குடுத்தன். நான் பொனற்றைத் தூக்கிப் பிடிச்சன், அவ தானே ஜெட்டை மாத்தினா. கை நோக, மற்றக் கைக்கு மாத்திப் பிடிச்சன். வேலை முடிய ஒரே திருகலில ஸ்ராட் பண்ணி, "ஏறுங்கோ" எண்டா. வீடு வரைக்கும் அவதான் ஓடினா.

இந்த வருசத்து விண்ணப்பம் போன கிழமை வந்தது. ஓட்டுநர் கட்டத்தில தன்ர பேரை எழுதி அவவே நிரப்பி மேசையில வைச்சிருந்தா. மாற்று ஓட்டுநர் கட்டத்தில பேனையால ஒரு கோடு இழுத்துக் கிடந்தது.