மிளகாய்ப் பாத்திக்கு மேலால பிளேன்

பெற்றோல் செட்டடியில இண்டைக்கு ஆரோ புல்லு வெட்ட, அந்த ரெண்டு மணமும் சேர்ந்து என்னை ஜேர்மனியில, ஊன்ட்றொப்பில எங்கட தோட்டத்து வேலிக்கு அங்கால கிடந்த, இப்ப சோலார் தகடுகள் நிக்கிற, நகரசபையின்ர புல்லு ஓடுபாதைக்குக் கொண்டுபோட்டுது. ஞாயிறுகளில பொழுதுபோக்குக்குப் பறக்கிற கிழவரின்ர குட்டிப் பிளேனுகள் தையல் மெசின் மாதிரிக் கடகடத்துக்கொண்டு வர, ஊரில சண்டை நேரம் பொம்பருக்குப் பயந்த பழக்கத்தில அப்பா ஒவ்வொருக்காலும் மிளகாய்ப் பாத்திக்குள்ள குப்புற விழுவார். மண் பிடிச்ச சேட்டுகளைத் தோய்ச்சுத் தோய்ச்சு அம்மா திட்டுவா.

சத்தம் கூடவெண்டால் ஓடுபாதையை மூடலாம் எண்டு, அயலவரை விசாரிக்க நகரசபை அதிகாரி வந்த அண்டைக்கும் ஒரு பிளேன் வந்தது. அப்பா விழுந்த இடத்தில கிடந்தபடியே டொச் பாசையில சொன்னார்: "எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

அதிகாரி போனாப்பிறகு அம்மா கேட்டா, "ஏனப்பா பொய் சொன்னனீங்கள்?"

"குண்டு போடாத பிளேனை இஞ்ச வந்துதான் கண்டனான். அது பறக்கட்டும்."